எள்ளில் ஏற்றிய காப்பிப் பூ

போன மாதம் செல்வி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலியில் உட்கார்ந்தவள் அவள்தான். போடியில் நான் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்த வாசனை எண்ணெய்க் கம்பெனியில், சோதனை அறைக்கு இப்போது அவள் பொறுப்பு.

"அக்கா, இப்பல்லாம் சனங்க போன்லயே ஆர்டர் போடுறாங்க. மழைக்காலத்துக்குன்னு ஆறு குட்டிச் சீசா போட்டு ஒரு பெட்டி அனுப்பணுமாம். கையில இருபது எண்ணெய் இருக்கு. எந்த ஆறைப் போட? நீங்க எப்பிடித்தான் முடிவு பண்ணுவீங்க?"

"இது போன்ல சொல்ற சங்கதியாடி?" என்று வைத்துவிட்டேன். கோபமெல்லாம் இல்லை. ஒற்றை வரியில் சொன்னால் எழுதி வைத்துக்கொண்டு அதன்படியே நடப்பாள், அவ்வளவு நல்ல பிள்ளை. அது ஆகாது. அந்தப் பாடம் எனக்கு எப்படி வந்தது என்று அவளுக்கு முழுசாகத் தெரிய வேண்டும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இதில் நான் கெட்டிக்காரியாக வரவில்லை.

பதினெட்டு வயதில் போடியில் ஏலக்காய் சேர்த்து வைக்கிற ஒரு கிட்டங்கிக்குக் காய் பொறுக்கப் போனேன். மலையிலிருந்து வரும் காயைப் பலகையில் கொட்டி, பருத்தது, சிறுத்தது, வெளுத்தது, வெடித்தது என்று கையால் பிரிக்கிற வேலை. காலையில் குனிந்த தலை சாயங்காலம்தான் நிமிரும். பன்னிரண்டு வருடம் குனிந்ததில் கழுத்தெலும்பு தேய்ந்து இடது கை மரத்துப்போனது. ஒருநாள் சோற்றுப் பானையை இறக்கும்போது கை விட்டுவிட்டது. சோறெல்லாம் அடுப்படியில். "இனிமே குனிஞ்சு செய்யுற சோலி ஆகாதும்மா" என்றார் டாக்டர். ஆகாதென்று சொல்லிவிட்டுப் போவது அவருக்குச் சுலபம். வீட்டில் சம்பாதிக்கிற கை அது ஒன்றுதான்.

அந்தச் சமயத்தில்தான் ஏலக்காய் எண்ணெய் வடிக்கிற ஒரு கம்பெனி, பூவிலும் வேரிலும் வாசனை எண்ணெய் எடுக்க ஒரு சின்னப் பிரிவு தொடங்கியது. பெண்கள் வேண்டும் என்றார்கள். நானும், பக்கத்துப் பலகையில் பொறுக்கிக்கொண்டிருந்த மொக்கத்தாயும் போய் நின்றோம். ஞானசேகர் சார் என்று ஒருவர், திருச்சிப் பக்கத்துக்காரர், மூடின ஐந்து சீசாக்களை எங்கள் முன்னால் வைத்தார்.

"எது எதுன்னு நான் கேட்கலை. எதுக்கும் எதுக்கும் சண்டை வரும்னு சொல்லு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாவதையும் நாலாவதையும் ஒரே வீட்டில் வைக்காதீர்கள் என்றேன். "நாளைக்கு வா" என்றார். மொக்கத்தாய்க்கு மூக்கு சுமார்தான், ஆனால் அவள் கை சுத்தம். அவளையும் எடுத்துக்கொண்டார். மூன்று வருடம் சீசா கழுவினேன், தாள் நறுக்கினேன், துண்டு துவைத்தேன். நாலாம் வருடம்தான் எண்ணெய் தொட்ட தாளை என் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோக விட்டார்.

சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதட்டி ஒரு வார்த்தை பேச மாட்டார். ஆனால் அவருடைய அறைக்குள் யாரும் தலையில் பூ வைக்கக் கூடாது, பவுடர் போடக் கூடாது, காலையில் சோப்புப் போட்டுக் குளிக்கக் கூடாது. "நல்லா இருக்கு", "நல்லா இல்ல" என்று சொன்னால் அந்தத் தாளை வாங்கிக் கிழித்துவிடுவார். "உனக்கு நல்லா இருக்கா இல்லையான்னு எவன் கேட்டான்? அது என்ன செய்யுதுன்னு சொல்லு" என்பார். ஒரு எண்ணெயைப் பற்றி மொக்கத்தாய், "இது கல்யாண வீட்டுல பந்தி முடிஞ்சு எல்லாரும் போனப்பறம் நிக்கிற ஆளு மாதிரி நிக்குது சார்" என்றாள். சார் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

ஒரு காலம் வருவதற்கு ஐந்தாறு மாதம் முன்னாலேயே அதற்கான எண்ணெய்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மழைக்கு வேண்டியதைச் சித்திரை வெயிலில் தேட வேண்டும். வெயிலில் மோந்து பார்த்துவிட்டு மழைக்கு எப்படிச் சொல்வது? அதற்கு சார் ஒரு வழி வைத்திருந்தார். சோதனை அறை முழுக்கக் கொடி கட்டி, ஈரத் துண்டுகளைத் தொங்கவிட்டு, சன்னலைச் சாத்திவிடுவார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் எங்களை உள்ளே விடுவார். உள்ளே புழுங்கும், சேலை உடம்போடு ஒட்டும். "ஐப்பசி வந்தாச்சு, வாங்க" என்று கதவைத் திறப்பார்.

தாளில் பெயர் இருக்காது, பின்பக்கம் எண் மட்டும்தான். நனைத்தவுடன் ஒரு தரம், ஒரு மணி நேரம் கழித்து ஒரு தரம், மறுநாள் காலையில் ஒரு தரம் மோந்து பார்க்க வேண்டும். மூன்றிலும் தாங்கியது மணிக்கட்டுக்குப் போகும். மணிக்கட்டில் தடவிக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் வழக்கமான வேலையைப் பார்க்க வேண்டும். இருபதில் பன்னிரண்டு முதல் நாளே விழுந்துவிடும். மிச்சம் எட்டு. அதில் எதை வாங்குகிறவர்களுக்கு மாதிரியாக அனுப்புவது என்பதில்தான் சண்டையெல்லாம்.

ஒரு எண்ணெய்க்கும் அடுத்ததற்கும் நடுவில் மூக்கைத் துடைத்தாக வேண்டும். அதற்கு அவர் சொல்லிக்கொடுத்தது இது: அவரவர் முழங்கை மடிப்பில் மூக்கை வைத்து மூன்று மூச்சு இழுக்க வேண்டும். "உன் தோலுதான் உனக்குப் பூச்சியம். ஒவ்வொரு தடவையும் அங்க இருந்து கெளம்பு" என்பார். பன்னிரண்டு வருடம் அப்படியே செய்தேன். அதில் தப்பு இருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

எங்கள் எண்ணெயை வாங்கிக்கொண்டிருந்தது சென்னையில் ஒரு கம்பெனி. காலத்துக்கு இரண்டு மூன்று என்று எடுப்பார்கள். எங்கள் வெட்டிவேர் எண்ணெய்தான் அவர்களுக்குப் பிடித்தது. அது சாருடைய பிள்ளை மாதிரி. வெட்டிவேர் கோடைக்குத்தான் என்று ஊர் சொல்லும். மழைக்கும் அதுதான் பொருத்தம் என்று சாதித்து விற்றுக் காட்டியவர் அவர். ஆனால் மூன்று வருடமாக அதை வாங்குவது குறைந்துகொண்டே வந்தது. காரணம் கேட்டால் "முன்ன மாதிரி இல்லை" என்பார்கள், அதற்கு மேல் பேச்சில்லை.

ஒரு பங்குனியில் முதலாளியம்மா சோதனை அறைக்கே வந்தார்.

"சார், இந்த மழைக்கு ரெண்டே ரெண்டு எண்ணெய் அனுப்புங்க. அதுல ஒண்ணாவது தேறணும். தேறலைன்னா ஆடி பொறக்கவும் இந்தப் பிரிவை மூடிர்றேன். பொம்பளைங்க ஒம்பது பேரையும் நம்ம கிட்டங்கிக்கு மாத்திக்கிறேன், யாரையும் கைவிட மாட்டேன்."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத்தான் கழுத்தில் கத்தி வைத்தது போல இருந்தது. நாற்பத்தைந்து வயதில், தேய்ந்த கழுத்தை வைத்துக்கொண்டு, மறுபடியும் அந்தப் பலகையா? செத்தாலும் போக மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

இரண்டில் ஒன்று வெட்டிவேர் என்று சார் எழுதிவிட்டார். இன்னொன்றுக்குக் காப்பிப் பூ என்று நான் சொன்னேன். குரங்கணித் தோட்டங்களில் ஒரு மழை விழுந்தால் ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ காப்பிச் செடி வெள்ளை வெளேர் என்று பூத்துவிடும். மூன்று நாள்தான், பிறகு கருகி உதிர்ந்துவிடும். மல்லிகைக்குத் தங்கச்சி என்று சொல்லலாம், ஆனால் மல்லிகையைப் போலத் தலையில் ஏறி உட்காராது. ஈரத்தில் அது அடங்கி, மெதுவாக மேலே வரும்.

"காப்பிப் பூவை ஆவியில வடிச்சா ஒரு சொட்டு வராது" என்றார் சார்.

"வடிக்க வேண்டாம் சார். எள்ளுல ஏத்திருவோம்."

தோல் நீக்கிய எள்ளை ஒரு வரிசை, பூவை ஒரு வரிசை என்று அடுக்கி மூடி வைத்தால், பூவின் வாசத்தை எள் குடித்துக்கொள்ளும். பூ வாட வாட, சலித்து எடுத்துவிட்டுப் புதுப் பூ போட வேண்டும். ஐந்தாறு தரம் மாற்றிவிட்டு எள்ளைச் செக்கில் ஆட்டினால் வருவது பூ எண்ணெய். மல்லிகைக்கு முன்பு நாங்கள் செய்திருக்கிறோம். சார் ஒரு நாள் முழுக்க யோசித்தார்.

"சரி. தாள்ல உன் பேரை எழுது. நல்லதுக்கும் நீதான், கெட்டதுக்கும் நீதான்."

குரங்கணித் தோட்டக்காரர் முதலில் விரட்டினார். "பூவை உலுக்கிட்டா காய் எவன் தருவான், நீயா?" தேனீ வேலையை முடித்த இரண்டாம் நாள் பூவைத்தான் எடுப்போம், செடிக்கடியில் துணி விரித்து உதிர்வதைத்தான் வாங்குவோம் என்று காலில் விழாத குறையாகச் சொல்லிச் சம்மதம் வாங்கினேன். எள், சிலமலையில் வாக்கப்பட்டிருக்கும் என் அக்கா வீராயியின் காட்டில் விளைந்தது. அதை அள்ளிவரச் சாக்கு நானே போடியிலிருந்து கொண்டுபோனேன். ஏலக்காய் வந்த சாக்கு என்றால் எங்களுக்குப் பெருமை. கிழியாது, அழுக்கிருக்காது, பூச்சி அண்டாது. சொந்தக்காரர்களுக்குச் சும்மா கொடுத்தாலே சந்தோஷப்படுவார்கள்.

எண்ணெய் வந்தது. ஐப்பசி அறையில் மூன்று தரமும் தாங்கியது. ஒன்பது மணிக்கட்டிலும் தாங்கியது. சார் தாளில் கையெழுத்துப் போட்டு, வெட்டிவேருக்கு முந்தி இதன் மாதிரியை மட்டும் சென்னைக்கு அனுப்பினோம்.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. "காப்பிப் பூ என்று எழுதியிருக்கிறது, திறந்தால் பாயசம். ஏலக்காய் தூக்கலாக அடிக்கிறது. வைகாசி முடிவதற்குள் இன்னொரு முறை வேண்டுமானால் அனுப்பிப் பாருங்கள்."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. "அவன் மூக்குல என்ன சளியா சார்? ஏலக்காய் எங்க இருக்கு இதுல?" என்று கத்தினேன். சார் மிச்சமிருந்த எண்ணெயை மூன்று தரம் மோந்து பார்த்தார். ஒன்பது பேரும் பார்த்தோம். சுத்தமான காப்பிப் பூ, ஏலக்காய் துளியும் இல்லை. கடைசியில் சார் சொல்லச் சொல்ல ஒரு கடிதம் எழுதினோம்: பார்சல் லாரியில் ஏலக்காய் லோடு இருந்திருக்கும், வழியில் வாசம் ஏறியிருக்கும், எங்கள் மேல் தவறில்லை. என் பேரில் உள்ள எண்ணெய் என்பதால் நான்தான் கையெழுத்துப் போட்டேன். போட்டேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

அந்தக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டுதான், அடுத்த பூவுக்கு எள் கேட்கச் சிலமலைக்குப் பஸ்சு ஏறினேன். மேல் தோட்டத்தில் மழை பிந்தி விழுந்ததால் இன்னொரு பூப்பு பாக்கி இருந்தது. அது போனால் அடுத்த வருடம்தான். அக்கா முற்றத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தாள். பெருமையாகச் சீசாவைத் திறந்து அவள் மூக்கில் காட்டினேன்.

"என்னன்னு சொல்லு பாப்போம்."

"ஏலக்காய். இதுக்கு என்னடி ஜம்பம்?"

"அக்கா, நல்லா மோந்து பாரு. பூவு!"

"பூவும் ஏதோ இருக்கத்தான் செய்யுது. ஆனா ஏலக்காய்தான் முந்திக்கிட்டு வருது."

"உனக்கும் மூக்கு அவிஞ்சு போச்சா?"

"எங்கிட்ட எதுக்குடி எரிஞ்சு விழுற? நீ வாசப்படி ஏறும்போதே ஏலக்காய்தான் வருது. உன் சேலை, உன் தலைமயிரு, நீ குடுத்த சாக்கு, எல்லாம் அதான். பிள்ளைக பள்ளிக்கூடத்துக்குப் போடுற துணிய அந்தச் சாக்குலதான் போட்டு வெச்சிருக்கேன், மணக்கட்டும்னு."

நான் உள்ளே ஓடிப்போய்ச் சாக்கை எடுத்து முகத்தை முழுசாக அதற்குள் புதைத்தேன். ஒன்றுமே இல்லை. சோப்பு வாசம் வந்தது, சணல் வாசம் வந்தது. அக்காவின் சின்ன மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாயசம், சித்தி" என்றாள். அப்படியென்றால் பூவைக் குடிப்பதற்கு முன்னாலேயே எள் அந்தச் சாக்கின் வாசத்தைக் குடித்திருக்கிறது. இருபத்தேழு வருடமாக ஏலக்காய்க்குள் கிடக்கிறவளுக்கு முழங்கை மடிப்பில் என்ன இருக்கும்? ஏலக்காய்தான் இருக்கும். எங்கள் பூச்சியமே ஏலக்காய். அங்கிருந்து கிளம்பினால் ஏலக்காய் எப்படித் தெரியும்? போடியில் எவருக்கும் தெரியாது. லாரிக்காரன் மேல் பழி போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேனே என்று அவமானத்தில் உடம்பு கூசியது.

சாக்கைச் சுருட்டிக்கொண்டு அன்றைக்கே சாரிடம் போனேன்.

"சார், இதுல ஏலக்காய் இருக்கா?"

மோந்து பார்த்தார். "இல்ல."

"இருக்கு சார். நமக்குத்தான் தெரியல."

அக்கா சொன்னதையும் பிள்ளை சொன்னதையும் சொன்னேன். முழங்கை மடிப்பைச் சொல்லும்போது மட்டும் என் குரல் இறங்கிவிட்டது. அவர் சொல்லிக்கொடுத்த வழி அல்லவா? சார் தன் சட்டைக் கையை மடித்து, முழங்கையில் மூக்கை வைத்து மூச்சிழுத்தார். மறுபடி சாக்கை மோந்தார். மறுபடி முழங்கை.

"பத்தொம்பது வருஷமா இந்த ஊருல இருக்கேன் பேச்சி. என் மூக்கு எப்ப போடிக்கார மூக்கா மாறுச்சுன்னு எனக்கே தெரியல."

"இந்தக் கடிதாசி சார்?"

"கிழி."

கிழித்தேன். சார் அங்கேயே கணக்குப் போட்டார். மேல் தோட்டம் பூக்கப் பத்து நாள், எள் குடிக்க மூன்று நாள். அதுவரைக்கும் சென்னையில் மகள் வீட்டில் போய் இருந்தால் மூக்கு தெளியும். ஆனால் போடிக்குள் கால் வைத்தால் மறுபடி அடைத்துக்கொள்ளும். ஆகவே எண்ணெயைப் போடியில் செய்யக் கூடாது, சோதிப்பதும் போடியில் கூடாது, இரண்டும் சிலமலையில் அக்கா வீட்டில்தான். "வெட்டிவேரையும் ஒரு சீசா எடுத்து அங்க வெச்சிரு. ரெண்டையும் ஒண்ணா பாத்துருவோம்" என்றார். விடுப்புக் கேட்டதற்கு முதலாளியம்மா, "தலை போற நேரத்துல மக வீட்டு விருந்தா?" என்றாராம். சார் நேராகப் போய்ச் சென்னை பஸ்சு ஏறிவிட்டார்.

குரங்கணியிலிருந்து பூவைச் சிலமலைக்குக் கொண்டுவர வண்டி வேண்டும். ஏலக்காய் ஏற்றாத ஜீப்பு வேண்டும் என்று ஸ்டாண்டில் போய்க் கேட்டேன். டிரைவர்கள் எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். ஒருவர் சொன்னார்: "அக்கா, இந்த ஊருல ஏலக்காய் ஏறாத வண்டி ஒண்ணே ஒண்ணுதான். அதுல ஏறணும்னா சாகணும்." கடைசியில் மாட்டுப்பால் ஊற்றுகிற ஒருவருடைய மோட்டார் சைக்கிளைப் பிடித்தேன். பால் வாசம் கழுவினால் போய்விடும்.

நானும் போடியை விட்டு அக்கா வீட்டிலேயே போய்த் தங்கினேன். அரப்புத் தேய்த்துத் தலை குளித்து, அக்காவின் பழைய சேலையைக் கட்டிக்கொண்டேன். அப்படியும் பூ வந்த அன்றைக்கு அக்கா கிட்டே வந்து என் பின்னங்கழுத்தை மோந்து பார்த்துவிட்டு, "இன்னும் போகலைடி, தள்ளி நில்லு" என்றாள். என்ன கொடுமை பாருங்கள், என் பேரில் உள்ள எண்ணெயை நானே தொட முடியாது! கிட்டங்கியே பார்த்திராத காட்டு வேலைப் பெண்கள் நாலு பேர் பூவை அடுக்கினார்கள். நான் பத்தடி தள்ளி வேப்பமரத்தடியில் நின்று கையில் குச்சியோடு, "அந்த மூலையில பூ பத்தாது", "வாடினதை வெரசா சலிங்க" என்று கூவிக்கொண்டிருந்தேன். "கண்டாங்கி கட்டுன கலெக்டரு" என்று ஒருத்தி சொல்ல, மூன்று நாளும் அதுவே என் பெயராகிவிட்டது. கோபம் வந்தாலும் அடக்கிக்கொண்டேன், அவர்கள் கையில்தான் என் பிழைப்பு இருந்தது. புதுக் காடாத் துணியில் எள்ளைக் கட்டி, கழுவிக் காயவைத்த செக்கில் ஆட்டினார்கள்.

சார் தேனி வந்து போடி பஸ்சில் ஏறவில்லை. சின்னமனூர் போய், தேவாரம் போய், சுற்றிக்கொண்டு சிலமலையில் வந்து இறங்கினார். கையில் பை, கண்ணில் தூக்கமில்லை. முற்றத்துக் கட்டிலில் உட்கார்ந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் கையை நீட்டினார். அக்காவின் மகள் தாளை நனைத்துக் கொடுத்தாள். ஒன்பது பேரின் சோறு அந்தத் தாளில் இருக்கிறது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி வாங்கினார்.

"ஏலக்காய் இல்ல" என்றார். "பூவு மட்டும் இருக்கு. ஈர மண்ணுக்கு மேல நிக்குது. இதை அனுப்பு."

நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அழுகை வந்தால் எனக்கு அசிங்கமாக வரும். அதற்குள் அவர் இரண்டாவது தாளை வாங்கியிருந்தார். வெட்டிவேர், அவருடைய எண்ணெய். ஒரு மூச்சுத்தான் இழுத்தார், உடனே தாளைக் கீழே வைத்துவிட்டார்.

"இதுல இருக்கு."

"என்ன சார்?"

"ஏலக்காய். நல்லாவே இருக்கு. பழைய செம்புப் பானை ஓட்டையானதுல இருந்து ஏலக்காய் வடிக்கிற பானையிலதான் வேரையும் வடிக்கிறோம். மூணு வருஷம். கழுவிட்டோம்னு நான்தான் மோந்து பாத்துச் சொன்னேன்." பையிலிருந்து அனுப்பும் பட்டியலை எடுத்து, வெட்டிவேர் என்ற வரியை அடித்தார்.

"சார், அதையும் எடுத்துட்டா ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. இது தேறலைன்னா?"

"மூடிருவாங்க. அதுக்காக வெட்டிவேர்னு எழுதி வேற ஒண்ணை அனுப்பச் சொல்றியா?"

சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நாக்கு வரைக்கும் வந்தது, முழுங்கிவிட்டேன்.

இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போடி பஸ்சில் ஏறினோம். ஊர் எல்லை வரும்போது சார் என் கையைத் தட்டினார். "வருது பேச்சி, வருது." சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்து விட்டார். "எம்புட்டு வாசம்! ஊரே இதுவாத்தான இருக்கு!" பன்னிரண்டு நாள் வெளியே இருந்த எனக்கும் லேசாகத் தெரிந்தது. பிறந்து வளர்ந்த ஊரின் வாசத்தை வாழ்க்கையில் முதல் தடவையாக அன்றைக்குத்தான் மோந்தேன். பஸ்சு நிலையத்தில் இறங்கி ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சார், "போச்சு" என்றார். எனக்கும் போய்விட்டது. அன்று அந்த டீக்கடையிலேயே நாங்கள் வைத்த சட்டம்தான் நான் ஓய்வு பெறும்வரை நடந்தது: ஒவ்வொரு காலத்துக்கும் எண்ணெய் தேர்ந்தெடுக்கும் முன்னால் சோதிக்கிறவர் பன்னிரண்டு நாள் ஊரில் இருக்கக் கூடாது, சோதனை போடிக்குள் நடக்கக் கூடாது.

விற்றுக்கொண்டிருக்கிற எண்ணெயை நிறுத்தினால் முதலாளியம்மா சும்மா விடுவாரா? அறைக்கு வெளியே நின்ற எங்களுக்கு அவர் போட்ட சத்தம் கேட்டது. சார் குரலை உயர்த்தவே இல்லை. "தப்பு என்னோடது. அதைச் சென்னைக்கும் எழுதிட்டேன்" என்று மட்டும் சொன்னார். சீசா ஒன்றே ஒன்று போனது.

எட்டு நாள் ஆனது. எட்டாம் நாள் முதலாளியம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே வந்தார். "காப்பிப் பூவை எடுத்துக்கிட்டாங்க. வெட்டிவேருக்குப் புதுப் பானை எப்ப வைக்கப் போறீங்கன்னும் கேக்குறாங்க" என்றார். சாரைப் பார்த்து, "வாங்குறதுக்கு எழுதிக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாரும் கத்தினார்கள், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மொக்கத்தாய் மட்டும் பேய் அறைந்த மாதிரி நின்றாள்.

"என்னடி, உனக்குச் சந்தோஷம் இல்லையா?" என்றேன்.

"இல்லக்கா... ஆடிக்குக் கிட்டங்கியில கூட்டம் சேந்துருமேன்னு மேஸ்திரிகிட்ட முன்னாலயே போயி இடம் கேட்டு வெச்சிருந்தேன். சுவத்தோரமா, சாஞ்சுக்கிற மாதிரி நல்ல இடமா பாத்து ஒண்ணு. அது எனக்கில்ல, உனக்கு. உன் கழுத்துக்கு." மூக்கை உறிஞ்சினாள். "வேற யாருக்காச்சும் ஆகும், இப்பவே வெரசா போயி வேண்டாம்னு சொல்லிட்டு வந்துர்றேன்."

"நில்லுடி, நானும் வர்றேன்" என்றேன்.

இரண்டு பேரும் கடைவீதி வழியாக நடந்து போனோம். கிட்டங்கிக்குள் பெண்கள் வரிசையாகக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் ஒரு பலகை காலியாக இருந்தது. மொக்கத்தாய் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, "அண்ணே, நான் பேச்சியம்மா. எனக்குன்னு சொன்ன அந்த இடம் எனக்கு வேண்டாம்" என்று மேஸ்திரியிடம் உரக்கச் சொன்னேன்.